மறந்துவிடு என்னும் மருந்து

நம் நாட்டிலே எந்தப் பஞ்சத்திலும் தட்டுப்பாடு நேராத பண்டம் ஒன்று உண்டு, அதுதான் புத்திமதி. கேட்டவர்க்கும் கொடுப்போம், கேளாதவர்க்கும் கொடுப்போம். ஆசிரியத் தொழில் புரியும் எம்மவர்க்கு அதுவே சீவனோபாயமுமாகும். நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளை அதனை அளந்து கொட்டியபின்னும் எஞ்சுவதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி மக்களுக்கு வழங்குகின்றோம். இப்புத்திமதிகளுள் அதிகம் செலவாவது எதுவெனச் சிந்தித்துப் பார்த்தால், "நடந்ததை நினையாதே, மறந்துவிடு" என்பதே முதலிடம் பெறும் போலத் தோன்றுகின்றது. மகனைப் போரிலே பறிகொடுத்த தாய்க்கும் அதுவே. கடல் கொண்டுபோன வீட்டின் அத்திவாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கும் அதுவே. மதுவிலே மூழ்கிக் கிடப்பவனுக்கோ, "அந்தப் பழக்கத்தை மறந்துவிடு" என அதனையே சற்றுத் திருத்திக் கொடுக்கின்றோம். சொன்னவர் தம் கடமை தீர்ந்ததென்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றார்.

இம்மருந்து பலிக்கின்றதா என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பொறுமையுடன் ஆராய்ந்து பார்த்த வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வில்லியம் றிவர்ஸ். 1864ஆம் ஆண்டு இங்கிலாந்திலே பிறந்தவர். ஆனால் அவரை நாம் முதன்முதலில் அறிந்துகொண்டது வைத்தியராக அன்று. நீலகிரி மலையிலே எருமை வளர்த்து வாழும் தோடரைப் பற்றி 1906இல் வெளிவந்த பெரியதொரு நூலின் ஆசிரியராகவே. 1901, 1902ஆம் ஆண்டுகளில் அவர் அம்மலையிலே தங்கி, ஒவ்வொரு குடும்பத்தினதும் தாய் தந்தையர், பாட்டன் பூட்டன், கொண்டான் கொடுத்தான் முறைகளையெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு வமிசாவளிகளைத் தொகுத்தார். பிறர் கதையைக் குறுக்கே பேசாது கேட்கும் வித்தையை அவர் வைத்தியக் கல்லூரியிற் கற்றதிலும் பார்க்க இத்தகைய இடங்களிலேதான் அதிகம் கற்றிருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

இன்னொரு செய்தியும் உண்டு. றிவர்ஸுக்குத் திக்குவாய், நம்மூரிலே கொன்னை என்போமே, அது. அவர் தந்தையார் கிறித்தவ குருவானவர். திக்குவாய் உள்ளவர்க்குப் பேச்சுப் பயிற்சி அளிப்பதிலே வல்லவர். அத்தகையவரின் சொந்தப் புதல்வருக்கே அக்குறை முற்றாக நீங்கவில்லை. சொல்ல நினைத்த சொல் தொண்டையிலே நின்றுவிடும் வேதனையை அவர் சிறுவயது முதலே அறிந்திருந்தார்.

1914இல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. 'ஷெல்' என்பது யாதென நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை. அது விழுந்து வெடித்த இடத்திலிருந்து உடலிலே ஒரு கீறலுமின்றி மீண்டு வந்த வீரர் பலர், பேச்சிழந்தும், நடை தளர்ந்தும், கை நடுங்கியும், இரவிலே அலறி எழுந்தும் வருந்தினர். 1915இல் சார்ள்ஸ் மயர்ஸ் என்னும் வைத்தியர் இந்நிலைக்கு 'ஷெல் அதிர்ச்சி' என்னும் பெயரை வைத்திய சஞ்சிகையொன்றிலே வழங்கினார். படைத்தலைவர் பலர் இதனைக் கோழைத்தனம் என்றே கருதினர். லண்டனிலே யீலண்ட் என்னும் வைத்தியர், ஊமையாகிவிட்ட போர்வீரனை அறையிலே பூட்டி வைத்து, அவன் வாய் திறக்கும்வரை தொண்டையிலே மின்சாரம் பாய்ச்சினார். அவன் பேசினான், அதனைத் தம் வெற்றியென்று 1918இல் வெளியிட்ட நூலிலும் எழுதி வைத்தார். அவன் மனத்திலே கிடந்தது என்னவென்பதை அவர் கேட்கவில்லை.

இதற்கு மாறாக, இரக்கமுள்ள வைத்தியரும் இருந்தனர். அவர்கள் வழங்கிய மருந்துதான் நாம் மேலே கூறியது. யுத்தத்தைப் பற்றிப் பேசாதே, பத்திரிகை வாசியாதே, உலாவப் போ, இனிமையானவற்றை நினை, நடந்ததை மறந்துவிடு. வீட்டாரும் அதனையே கடிதத்தில் எழுதினர். ஸ்கொட்லாந்திலே எடின்பரோ நகர்க்கருகில், கிறெய்க்லொக்காட் என்னுமிடத்தில், நீர்ச்சிகிச்சைக்காகக் கட்டப்பட்ட பெரிய விடுதியொன்று இராணுவ அதிகாரிகளின் ஆஸ்பத்திரியாக மாற்றப்பட்டிருந்தது. 1916இல் அங்கு சென்ற றிவர்ஸ், இம்மருந்தை உட்கொண்டு வந்தவர்களையே நாளும் சந்தித்தார். அவர்கள் கீழ்ப்படிவுள்ளவர்கள்; சொன்னதைச் செய்தவர்கள். பகல் முழுவதும் நினைவைப் பிடித்துக் கிணற்றுக்குள் தள்ளி மூடிவிட்டார்கள். இரவிலே மூடி கழன்றுவிட்டது. உறங்கினாற் கனவு வருமென்று அஞ்சி, உறங்காமலே விடியற்காலம்வரை இருந்தவர் பலர்.

றிவர்ஸ் அவர்களுக்குக் கூறியது மிக எளியது. இத்தகைய நினைவை மனிதனால் மறக்க இயலாது. மறக்க முயல்வதிலேயே உங்கள் வலிமையெல்லாம் செலவாகின்றது. ஆதலால் அதனை அணுகிப் பாருங்கள், நான் கூட இருக்கிறேன் என்பதே அது. இதனை அவர் 1917 டிசம்பரில் லண்டன் வைத்தியர் சங்கமொன்றிலே சொற்பொழிவாக நிகழ்த்த, அடுத்த பெப்ரவரியில் அது அச்சிலும் வந்தது. அதிலே அவர் எடுத்துக் கூறும் இளம் அதிகாரி ஒருவரின் கதை எம் மனத்தை விட்டு அகலாதது.

அவ்வதிகாரியின் நண்பர் போர்முனைக்குச் சென்றவர் திரும்பவில்லை. தேடிச் சென்றபோது, தலையும் அவயவங்களும் வேறுவேறாகக் கிடக்கக் கண்டார். அன்றுமுதல் இரவுதோறும் அவ்வுருவமே கனவில் வந்தது. மறந்துவிடுமாறு எல்லாரும் கூறினர்; அவரும் முயன்றார்; கனவு கொடிதாயிற்றே தவிரக் குறையவில்லை. றிவர்ஸ் அவரை இருத்தி வைத்து முழுவதையும் கேட்டார். கேட்டபின், உடல் அவ்வாறு சிதறிக் கிடந்தது எதனைக் காட்டுகின்றது என்பதை அவருடன் சேர்ந்து சிந்தித்தார். ஒரு கணத்திலே உயிர் போயிருக்கின்றது. குற்றுயிராகக் கிடந்து தவிக்கவில்லை. நண்பர் வேதனை அறியாமலே சென்றிருக்கின்றார். அதிகாரியின் முகம் தெளிந்தது. சில நாள்களின்பின் மீண்டும் கனவு வந்தது. அதே இடம், அதே உடல். ஆனால் பயங்கரம் இல்லை. நண்பரின் பக்கத்திலே முழந்தாளிட்டு, வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவருடைய உடைமைகளை எடுத்து, இடுப்புப் பட்டியைக் கழற்றும்போது விழித்துக்கொண்டாராம். விழித்தபோது கண்ணீர் பெருகியது. அது அச்சத்தாலன்று, நண்பரை இழந்த துயரத்தால்.

நடந்தது மாறவில்லை, சிதறிய உடல் ஒன்றுசேரவில்லை. அதனைத் தனியே பார்த்தவர் இப்பொழுது இன்னொருவருடன் சேர்ந்து பார்த்தார், அவ்வளவே. இதனைத் தத்துவமென்று கூறுவதிலும் பார்க்க அயலவர் பண்பு என்று கூறுவது பொருந்தும் போலும்.

ஆயினும் றிவர்ஸைச் சித்தர் போல ஆக்கிவிட நாம் விரும்பவில்லை. அதே சொற்பொழிவிலே அவர் வேறொரு நோயாளியைப் பற்றியும் கூறுகின்றார். வெடியொன்றினால் தூக்கி எறியப்பட்ட அம்மனிதரின் முகம், இறந்து பல நாளாகி ஊதிக் கிடந்த பகைவனொருவனின் வயிற்றிலே புதைந்துவிட்டது. அந்நாற்றமும் சுவையும் அவரை விட்டு நீங்கவில்லை. எப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அந்நினைவிலே பற்றிக்கொள்வதற்கு நல்ல நுனியொன்று அகப்படவில்லை. ஆதலால் இராணுவத்தை விட்டு விலகி, முன்பு தமக்கு ஆறுதல் தந்த நாட்டுப்புற வாழ்வுக்குத் திரும்பிப் போகுமாறு றிவர்ஸ் கூறினார். தம் முறை செல்லாத இடத்தை மறைக்காமல் எழுதிய அந்த வைத்தியரிடத்திலே எமக்கு மதிப்பு மேலும் உயர்ந்தது. துயர நினைவிலேயே ஓயாது உழன்றுகொண்டிருப்பதும், அதனை அடியோடு அமுக்குவதைப் போலவே தீங்கானது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அவருடைய தொழிலிலே ஒரு முள்ளும் இருந்தது. குணமான அதிகாரிகள் திரும்பிச் சென்றது வீட்டுக்கன்று. பலர் போர்முனைக்கே சென்றனர். யுத்தத்தைக் கண்டித்து அறிக்கை விட்டமையால் 1917 ஜூலையில் அங்கு அனுப்பப்பட்ட கவிஞர் சீக்பிரீட் சசூன், றிவர்ஸின் அன்புக்குரிய நோயாளி. அவ்வாண்டு நவம்பரில் மீண்டும் படைக்குத் திரும்பினார். காயத்துடன் உயிர் தப்பினார். அதே ஆஸ்பத்திரியில் புரொக் என்னும் வேறொரு வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற வில்பிரெட் ஓவன் தப்பவில்லை. யுத்தம் ஓய்வதற்கு ஒரு வாரம் இருக்க, 1918 நவம்பர் 4ஆந் திகதி இறந்தார். நோயாளியைக் குணப்படுத்தினால் மட்டும் போதுமா, அவன் திரும்பிப் போகும் இடம் எத்தகையது என்ற கேள்வி றிவர்ஸை வருத்தியது. அது நம்மையும் வருத்த வேண்டிய கேள்வி.

நம் தமிழிலே, அதிலும் ஈழத்து வழக்கிலே, இத்தொழிலுக்கு 'உளவளத்துணை' என்று பெயரிட்டவர் எவரோ, அவரை வாழ்த்தத் தோன்றுகின்றது. ஆலோசனை என்று சொல்லியிருக்கலாம். அறிவுரை என்று சொல்லியிருக்கலாம். அவர் 'துணை' என்றார். துணை என்பவன் வழியிலே கூட நடப்பவன். சந்தியிலே நின்று கையைக் காட்டுபவன் அல்லன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள் 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலொன்றிலே, போர் எம்மக்களின் மனங்களில் விட்ட வடுக்களை விரிவாக எழுதினார். அதன்பின் 2004இல் கடற்கோளும், 2009இல் வன்னியின் இறுதி நாள்களும் வந்து சேர்ந்தன. வடு ஆறுவதற்குள்ளேயே அதன்மேல் வடு.

இனி மதுவுக்கு வருவோம். மதுவையும் மனவடுவையும் இரு வேறு நோய்களாகக் கருதி, ஒன்றுக்கு இரக்கமும் மற்றதற்கு ஏச்சும் வழங்குவது நம் வழக்கம். குடிப்பவர் யாவரும் துயரத்தாற் குடிக்கிறார் என்று நாம் கூறவரவில்லை. களிப்புக்காகத் தொடங்கியவர் பலர். கூட்டாளிகளின் முகத்துக்காகத் தொடங்கியவர் அவரிலும் பலர். இன்று சாராயத்தோடு ஹெரோயினும், 'ஐஸ்' எனும் போதைவஸ்தும் நம் இளைஞரைத் தேடி வருகின்றன. அவற்றை எடுப்பவர் யாவரும் ஷெல்லடியைக் கண்டவர் அல்லர். எனினும் கண்டவர்களுள் ஒரு சாராருக்கு, மறந்துவிடு என்று நாம் வாயாற் சொன்னதைப் போத்தல் செய்துகாட்டுகின்றது. நாம் கொடுத்த மருந்தை அவர்கள் வேறொரு கடையிலே வாங்குகின்றார்கள்.

எம்மிடம் கற்ற மாணவன் ஒருவனின் தந்தையார் அத்தகையவர். அடையாளங்களை மாற்றியும் அவருடைய சம்மதத்துடனும் இதனை எழுதுகின்றோம். கைத்தொழில் தெரிந்தவர், பகலிலே சாது, இரவிலே வெறி. மகன் படிப்பிலே பின்தங்கியமை பற்றிப் பேச வந்தவர், வகுப்பறை வாங்கிலே தலையைக் குனிந்தபடி இருந்தார். தமக்கு வரவிருக்கும் புத்திமதி இன்னதென்று அறிந்தவர் போலக் காணப்பட்டார். நாம், "இரவிலே நித்திரை வருகிறதா?" என்று மட்டும் கேட்டோம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நித்திரைக்குத்தான் சேர் குடிக்கிறன். குடிக்காட்டி அவன் வருவான்" என்றார்.

அவன் என்பது அவர் தம்பி. 2009இல் வன்னியிலே, பதுங்கு குழியை விட்டுத் தண்ணீர் எடுக்கப் போனவர், குடத்தோடு விழுந்தார். போகச் சொன்னவர் தமையன். எடுத்து அடக்கம் செய்ய முடியவில்லை. சனம் நகர்ந்தது, இவரும் நகர்ந்தார். வீடு திரும்பியபின், இவர் மனம் நோகக்கூடாதென்று உறவினர் தம்பியின் படத்தை அலுமாரியிலே வைத்துப் பூட்டினர். பெயரையும் உச்சரிப்பதை விட்டனர். எவ்வளவு அன்போடு செய்த காரியம்! ஆனால் அவ்வீட்டிலே தம்பிக்கு இடமில்லாமற் போகவே, அவர் தமையனின் கனவிலே குடியேறிவிட்டார் என்றே எமக்குத் தோன்றியது.

அன்று அவர் பேசியது ஒரு மணி நேரத்துக்கு மேலிருக்கும். நாம் பேசியது மிகக் குறைவு. நாம் ஆசிரியரேயன்றி உளவளத்துணையாளர் அல்லோம். ஆதலால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்கு அவரோடு கூடச் சென்றதே நாம் செய்த உதவி. அங்கே முதலிலே கவனித்தது மனத்தையன்று, உடலை. இதனைக் குடும்பத்தினர் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலே நடுக்கமும் வியர்வையும், அடுத்து வரும் இரண்டு மூன்று நாள்களில் வலிப்பும் புத்தி மாறாட்டமும் தோன்றக்கூடும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். அறையிலே பூட்டி வைத்து வீரம் காட்டுவது இங்கு உதவாது. வைத்தியரின் மேற்பார்வையிலே, மருந்தின் துணையோடு நிறுத்த வேண்டும். எவரிடம் போவதென்று தெரியாதவர் 1926 என்னும் தேசிய உளநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம்.

குடியை விட்டவர் விட்டபடியே நிற்பதற்கு யாது வழி? இவ்விடத்திலும் புத்திமதியின் தோல்வியைக் காட்டும் சரித்திரமொன்று உண்டு. நியூயோர்க்கிலே பங்குச் சந்தைத் தரகரான பில் வில்சன், 1934 டிசம்பரில் ஆஸ்பத்திரியொன்றிலே சிகிச்சை பெற்றுக் குடியை விட்டார். விட்ட உற்சாகத்திலே தெருத் தெருவாகக் குடிகாரரைத் தேடிப் போய்ப் போதித்தார். மாதக்கணக்கிலே போதித்தும் ஒருவரேனும் திருந்தவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த டொக்டர் சில்க்வேர்த், போதனையை நிறுத்திவிட்டு, இது ஒரு நோய் என்பதையும் அது உம்மை என்ன பாடு படுத்தியது என்பதையும் முதலிலே சொல்லும் என்றார். 1935 மே மாதம், ஒஹையோ மாநிலத்து அக்றன் நகரிலே வியாபாரம் முறிந்து தனித்து நின்ற வில்சனுக்கு மீண்டும் குடிக்கும் ஆசை எழுந்தது. அவர் செய்தது விசித்திரமான காரியம்: தம்மைப் போன்ற வேறொரு குடிகாரரைத் தேடினார். அகப்பட்டவர் பொப் சிமித் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர். கால்மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டேன் என்று வந்த அவர், பல மணி நேரம் இருந்து பேசினார். அவ்வாண்டு ஜூன் 10ஆந் திகதி அவர் கடைசியாகக் குடித்த நாள். அதனையே தம் சங்கத்தின் பிறந்த நாளாக இன்றும் உலகெங்கும் கொண்டாடுகின்றனர். சிமித்துக்கு மதுவின் தீமை தெரியாதா? அவரே வைத்தியர். தம்மைப் போல விழுந்தெழுந்த ஒருவர் தம்மெதிரே அமர்ந்து தம் கதையைச் சொன்னது அவருக்குப் புதிது. அச்சங்கத்தின் முறையிலே கடவுளின் பெயர் அடிக்கடி வருவதைச் சிலர் குறை கூறுவர். அவரவர் விளங்கிக்கொண்டபடி என்று அவர்களே விட்டுவைத்திருப்பதால், நல்லூர்க் கந்தனை நினைப்பவர்க்கும் அதிலே தடையிருப்பதாக எமக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் வாசித்துவிட்டு, கண்டவரையெல்லாம் இருத்தி வைத்துத் துன்பக் கதை சொல்லுமாறு வற்புறுத்த எவரும் புறப்பட்டுவிடக் கூடாது. கடற்கோளின்பின் நம் தீவுக்கு வந்த வெளிநாட்டு உதவியாளர் சிலர், மூன்று நாள் தங்கி, மொழிபெயர்ப்பாளரின் வாயிலாகக் குழந்தைகளிடம் அக்கதையைக் கேட்டுவிட்டுப் போயினர். துன்பம் நிகழ்ந்த உடனே ஒரே அமர்விலே யாவரையும் சொல்லவைக்கும் முறையை ஆராய்ந்தவர்கள், அதனால் நன்மை விளையவில்லை என்றும், சிலருக்குத் தீங்கும் நேர்ந்ததென்றும் கண்டனர். முதல் நாள்களில் வேண்டப்படுவன பாதுகாப்பும், உணவும், உறவினரைக் கண்டுபிடித்துச் சேர்ப்பதும், பேச விரும்பியவர்க்குச் செவி கொடுப்பதுமே. கதவைத் திறந்து வைக்கலாம். கையைப் பிடித்து இழுத்தலாகாது. மாணவனின் தந்தையாரும் தாமாகப் பேச முன்வந்த நாள், தம்பி இறந்து பல ஆண்டுகள் கழிந்த ஒரு நாளே.

அவர் குடியை விட்டது ஒரே நாளில் அன்று. இருமுறை மீண்டும் விழுந்தார்; இருமுறையும் அவர் மனைவியாரே சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அங்குள்ள உளவளத்துணையாளர், இளம் பெண். அவர் வீட்டாரையும் அழைத்துப் பேசியதன் பின்னர் அலுமாரி திறக்கப்பட்டது. படம் இப்பொழுது விறாந்தைச் சுவரிலே, வருவோர் போவோர் கண்ணிற் படும்படி தொங்குகின்றது. தம்பி இறந்த திதியும் ஒருவாறு கணிக்கப்பட்டது. சென்ற வைகாசியில் முதன்முறையாகத் திவசம் கொடுத்தனர். எம்மையும் அழைத்திருந்தனர். படத்தின் முன்னே தலைவாழையிலை போட்டு, சோறு கறிகளோடு பயற்றம் பணியாரமும் ஒரு தட்டு நிறைய வைத்திருந்தனர். அது ஏன் அவ்வளவு என்று மகன் கேட்டான். சிறிய தகப்பனாரைப் பற்றி அவன் அதுவரை ஒன்றும் அறியான்.

"உன்ர சித்தப்பாவுக்கு அது கண்டால் விடான். ஒருக்கால் அம்மம்மா ஒளிச்சு வைச்ச பானையையே…" என்று தந்தையார் தொடங்கினார், இலையிலே சோறு ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.